மேற்கில் ஒலிக்கும் மந்திரங்கள்: சொல்பவர் உடம்பில் என்ன நடக்கிறது?

நியூயார்க்கிலோ பெர்லினிலோ ஒரு யோகா வகுப்பு முடிகிற நேரத்தில் எட்டிப் பார்த்தால், நமக்குப் பழக்கமான ஒன்று காதில் விழலாம். பத்து இருபது பேர் கண்ணை மூடிக்கொண்டு 'லோகா சமஸ்தா சுகினோ பவந்து' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பலருக்கு சமஸ்கிருதத்தில் இன்னொரு வரி தெரியாது. கோயில், பூஜை என்ற பழக்கமும் கிடையாது. ஆனாலும் ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டால், மனசு லேசாகிறது, படபடப்பு அடங்குகிறது, ராத்திரி தூக்கம் வருகிறது என்பார்கள்.

இது வெறும் நம்பிக்கையா, இல்லை உடம்பில் உண்மையாகவே ஏதாவது நடக்கிறதா? நடக்கிறது. அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அளந்து கண்டது வேறு, விளம்பரத்தில் சொல்வது வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் இந்தக் கட்டுரை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மந்திரத்தால் வரும் நன்மை பெரும்பாலும் அதைச் சொல்பவருக்குத்தான். ஸ்பீக்கரில் ஓடவிட்டுவிட்டு போனை நோண்டிக்கொண்டிருந்தால், அது கேட்க இதமான இன்னொரு பாட்டு, அவ்வளவுதான்.

மந்திரங்கள் அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1965-ல் தம் 69-ஆவது வயதில், பின்னாளில் ஹரே கிருஷ்ணா இயக்கத்தை (இஸ்கான்) நிறுவிய பிரபுபாதர் சரக்குக் கப்பல் ஏறி அமெரிக்கா போனார். அடுத்த வருடமே நியூயார்க்கின் டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில், மரத்தடியில் உட்கார்ந்து அங்கிருந்த இளைஞர்களோடு 'ஹரே கிருஷ்ணா' பாடினார். 1968-ல் புகழ்பெற்ற பிரிட்டிஷ் இசைக்குழுவான பீட்டில்ஸ் குழுவினர் ரிஷிகேஷுக்கு வந்து மகரிஷி மகேஷ் யோகியிடம் தியானம் பழகினார்கள். அவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன், லண்டன் ராதாகிருஷ்ணர் கோயில் பக்தர்களைப் பாடவைத்து அந்த 'ஹரே கிருஷ்ணா' மகாமந்திரத்தை 1969-ல் இசைத்தட்டாக வெளியிட்டார். பிரிட்டனின் பாப் பாடல் வரிசையில் அது 12-ஆவது இடம் வரை ஏறியது. 1997-ல் அதே ஹாரிசன் தயாரிக்க, சிதார் கலைஞர் ரவிசங்கர் வேத மந்திரங்களையும் சுலோகங்களையும் ஓர் ஆல்பமாகக் கொண்டுவந்தார். அதன் ஒரு பகுதி பதிவானது நம் சென்னையில்.

இன்று மேற்கில் மந்திரம் என்றதும் நினைவுக்கு வரும் இரண்டு பெயர்கள் தேவா பிரேமல், கிருஷ்ண தாஸ். தேவா பிரேமல் ஜெர்மனியின் நியூரம்பெர்கில் பிறந்தவர். தாய் வயிற்றில் இருக்கும்போதே தன் அப்பா காயத்ரி மந்திரம் சொல்வதைக் கேட்டு வளர்ந்ததாகச் சொல்வார். 1998-ல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தின் காயத்ரிதான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எத்தனையோ பேருக்கு முதல் அறிமுகம். கிருஷ்ண தாஸ் நியூயார்க்காரர். 1970-களின் தொடக்கத்தில் இமயமலை அடிவாரத்தில் நீம் கரோலி பாபாவிடம் இருந்தவர். குரு 1973-ல் மறைந்த பிறகு நெடுங்காலம் மனச்சோர்விலும் போதைப்பழக்கத்திலும் கிடந்ததை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 1994-ல் நியூயார்க்கின் ஒரு யோகா கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் முன்னால் ஹார்மோனியத்தோடு உட்கார்ந்து பாடத் தொடங்கினார். பிறரைத் தேற்ற அல்ல, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். 2013 கிராமி விருதுக்கு அவர் ஆல்பம் பரிந்துரையாகி, அந்த நிகழ்ச்சியிலும் பாடினார்.

இடையில் ஒரு சின்னத் தெளிவு. அங்கே 'சமஸ்கிருத மந்திரம்' என்ற பெயரில் புழங்குவதெல்லாம் சமஸ்கிருதம் அல்ல. காயத்ரி ரிக் வேதத்தின் மூன்றாம் மண்டலம், மகாமிருத்யுஞ்ஜயம் ஏழாம் மண்டலம். 'ஓம் மணி பத்மே ஹூம்' பௌத்தர்களுடையது, மொழி சமஸ்கிருதம். ஆனால் கிருஷ்ண தாஸ் உருகி உருகிப் பாடும் அனுமன் சாலீசா அவதி மொழி. யோகா கூடங்களில் விரல் தொட்டுச் சொல்லும் 'ச த ந ம' சீக்கிய மரபு வழியாக வந்தது. கேட்பவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். இந்த விவரம் பின்னால் நமக்கு உதவும்.

சரி, உடம்புக்கு வருவோம். இப்போதே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சை இழுங்கள், அதைவிட மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது கொஞ்சம் நிதானமாகும். மூளையிலிருந்து இதயத்துக்கும் குடலுக்கும் இறங்கும் வேகஸ் என்ற நரம்புதான் இதைச் செய்கிறது. மூச்சை வெளியே விடும் ஒவ்வொரு முறையும் அது இதயத்துக்கு 'பொறுமை' என்று சொல்கிறது. அதனால் வெளிமூச்சு நீள நீள உடம்பு அமைதியின் பக்கம் சாயும். இப்போது யோசித்துப் பாருங்கள்: பேசுவதும் பாடுவதும் வெளிமூச்சில்தான் நடக்கிறது. நீளமான ஒரு வரியை நிதானமாகச் சொல்லி முடிக்க வேண்டுமென்றால், சட்டென்று இழுத்து மெல்ல மெல்ல விட்டே ஆக வேண்டும். மூச்சைப் பற்றி யாரும் பாடம் எடுக்காமலேயே மூச்சுப் பயிற்சி நடந்துவிடுகிறது. திருமூலர் உள்மூச்சுக்கு 16 மாத்திரை, வெளிமூச்சுக்கு 32 என்று இருமடங்கு கணக்கு சொல்லியிருப்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

இதைக் கருவி வைத்து அளந்தவர்களில் முக்கியமானவர் இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி. அவரும் குழுவும் செய்த ஆய்வு 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. ஆரோக்கியமான 23 பேரை இரண்டு விஷயங்கள் சொல்லவைத்தார்கள். ஒன்று, பௌத்தர்களின் மணி பத்மே மந்திரம். இன்னொன்று, நம்மூர்க் கத்தோலிக்கர்கள் 'அருள் நிறைந்த மரியே' என்று ஜெபமாலை உருட்டிச் சொல்லும் அதே ஜெபம், லத்தீனில். சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். இவர்களுக்கு இரண்டிலுமே அது ஏறக்குறைய ஆறுக்கு இறங்கியது. மந்திரத்துக்கும் ஆறு, ஜெபத்துக்கும் ஆறு.

ஆறு என்பதில் என்ன விசேஷம்? நம் ரத்த அழுத்தம் ஒரே அளவில் நிற்பதில்லை. சுமார் பத்து விநாடிக்கு ஒருமுறை லேசாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்றால் ஒரு மூச்சுக்கும் அதே பத்து விநாடி. இரண்டும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்கின்றன. அப்போது, அழுத்தம் கூடினால் துடிப்பைக் குறைத்து, குறைந்தால் கூட்டிச் சமன்செய்யும் உடம்பின் ஏற்பாடு இன்னும் கூர்மையாக வேலை செய்கிறது. பெர்னார்டி குழு கண்டது இதைத்தான். இதய நோயாளிகளிடம் இந்த ஏற்பாடு மந்தமாகிவிடுவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம் என்பதால், இந்தச் சின்ன ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது.

இதில் என் கண்ணில் படுவது ஒன்று உண்டு. ஜெபமாலையைப் பலர் கூடிச் சொல்லும்போது பாதியைக் குருவானவர் சொல்வார், மீதியைச் சபை சொல்லும். மேற்கத்திய கீர்த்தன் கூட்டங்களிலும், நம்மூர் மார்கழி பஜனையிலும் இதே முறைதான்: ஒருவர் வரியை எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். அவர் பாடுகிற நேரம் மற்றவர்களுக்கு மூச்சு வாங்கும் நேரம். யார் வகுத்தார்களோ தெரியாது, மூச்சைச் சீராக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் 2013-ல் வந்த ஓர் ஆய்வில், இளைஞர்கள் சேர்ந்து மெதுவான ஒரு மந்திரத்தைப் பாடியபோது அவர்களுடைய இதயத் துடிப்புகளே ஒன்றுபோல ஏறி இறங்கின. எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள், இதயம் மூச்சைப் பின்தொடர்கிறது. கூட்டத்தோடு பாடிவிட்டு வருபவர்கள் 'நான் தனியாக இல்லை என்று தோன்றியது' என்று சொல்வதற்கு இப்படி உடம்பிலும் ஓர் அடிப்படை இருக்கிறது. தனிமை பெரும் நோயாகிவிட்ட ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை.

மூச்சு பாதிக் கதைதான். மீதி, மனசுக்குள் ஓடும் பேச்சு. கவலைப்படுவது என்றால் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் நமக்குள் நாமே பேசிக்கொள்கிறோம். 'அவர் ஏன் அப்படிச் சொன்னார், நாளைக்கு என்ன ஆகும்' என்று அதே வாக்கியங்கள் திரும்பத் திரும்ப ஓடும். உள்ளே பேசுவதற்கு மூளையில் இருக்கும் பாதை மிகக் குறுகியது, இரண்டு பேச்சு ஒரே நேரத்தில் ஓட முடியாது. அதில் ஒரு சொல்லை ஓடவிட்டால் கவலையின் வாக்கியத்துக்கு இடம் கிடைப்பதில்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. தியானமே பழகாத சிலரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, 'ஒன்று' என்று பொருள்படும் ஒரு ஹீப்ரு சொல்லை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். மூளையின் பல பகுதிகளில், குறிப்பாக 'நான், எனக்கு' என்று அலைபாயும் நேரத்தில் சுறுசுறுப்பாக இருக்கும் பகுதிகளில், இயக்கம் அடங்கியது. அந்தச் சொல்லில் தெய்வமும் இல்லை, பாட்டும் இல்லை. திரும்பச் சொல்வது மட்டும்தான் இருந்தது.

வாய்விட்டுச் சொல்வதைவிட முணுமுணுப்பது மேல், அதைவிட மனசுக்குள் சொல்வது மேல் என்று ஜபத்துக்கு நம் நூல்கள் படிவரிசை வைத்திருக்கின்றன. இந்த ஆய்வுகளோடு சேர்த்துப் பார்த்தால் எனக்கு இப்படித் தோன்றுகிறது: உரக்கச் சொல்வது முதலில் மூச்சைப் பிடிக்கிறது, மௌனமாகச் சொல்வது நேராக மனசைப் பிடிக்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு முதலாவதுதான் எளிது. படபடப்பாக இருக்கும்போது மனசைப் பிடிப்பது கஷ்டம், மூச்சு எப்போதும் கைக்கெட்டும்.

ஓம் என்ற ஒலியைத் தனியாகவும் பார்த்திருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2011-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 12 பேரை ஓம் சொல்லவைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவர்களையே 'ஸ்ஸ்ஸ்' என்று இழுக்கவும் வைத்தார்கள். ஓம் சொன்னபோது பயம், பதற்றம் சம்பந்தப்பட்ட பகுதிகள் அடங்கின, ஸ்ஸ்ஸ் சொன்னபோது அப்படி நடக்கவில்லை. 'ம்ம்ம்' என்ற அதிர்வு காதருகே உள்ள வேகஸ் கிளையைத் தூண்டுகிறதோ என்று அவர்கள் ஊகித்தார்கள். 12 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, இதை வைத்துக் கோட்டை கட்ட வேண்டாம். ம்ம்ம் என்று முனகும்போது மூக்கில் நைட்ரிக் ஆக்ஸைடு (ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஒரு வாயு) பல மடங்கு கூடுவதை ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிலையத்தில் கண்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிக் கடந்துவிடுகிறேன்.

நோய் என்று பெயர் வைத்த ஒன்றில் மந்திரத்தைச் சோதித்தது எங்கே? இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்ல ஆசைப்படுகிறேன். அமெரிக்காவில் போருக்குப் போய்த் திரும்பிய வீரர்களில் பலருக்கு அந்த அதிர்ச்சி உடம்பைவிட்டுப் போவதில்லை. கதவு படாரென்று சாத்தினால் பதறுவார்கள், ராத்திரியில் கெட்ட கனவு, எந்நேரமும் உஷார். பி.டி.எஸ்.டி. என்பது இதுதான். சான் டியேகோ படைவீரர் மருத்துவமனையைச் சேர்ந்த ஜில் போர்மன் என்ற செவிலியர் ஆய்வாளர் இவர்களுக்காக ஒரு மந்திர ஜபப் பயிற்சியை உருவாக்கினார். அதன் வேர் கேரளத்தில் இருக்கிறது. அங்கே பிறந்து கலிஃபோர்னியாவில் தியானம் கற்பித்த ஏக்நாத் ஈஸ்வரனின் முறை அது.

முறை மிக எளிது. ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரு புனிதச் சொல்லைத் தேர்ந்தெடுக்கலாம். ராமா என்றும் வைத்துக்கொள்ளலாம், இயேசு என்றும் வைத்துக்கொள்ளலாம், மணி பத்மே, யூத ஜெபச் சொல், எதுவானாலும் சரி. தேர்ந்தெடுத்தபின் மாற்றக் கூடாது. கண்ணை மூடி உட்கார வேண்டியதில்லை. வரிசையில் நிற்கும்போது, நடக்கும்போது, தூங்கப் போகும்போது மனசுக்குள் சொல்ல வேண்டும். முக்கியமான நிபந்தனை: முதலில் பழக வேண்டியது அமைதியான நேரத்தில்தான். பதற்றம் இல்லாத நேரத்தில் நூறு நூறாகச் சொல்லிப் பழகினால்தான், பதற்றம் பாய்ந்து வரும் நொடியில் அந்தச் சொல் தானாக நாக்கில் வந்து நிற்கும். கூடவே இரண்டு பழக்கங்களும் உண்டு: அவசரத்தைக் குறைப்பது, ஒரு நேரத்தில் ஒரே வேலையில் கவனம் வைப்பது.

173 வீரர்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2018-ல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி இதழில் வந்தது. ஒரு பாதிப் பேருக்கு மந்திரப் பயிற்சி, மறுபாதிக்கு ஏற்கெனவே வழக்கத்தில் இருக்கும் ஒரு வகை உளவியல் ஆலோசனை. வாரம் ஒன்றாக எட்டு அமர்வுகள். முடிந்து இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, மந்திரம் பழகியவர்களில் 59 சதவீதம் பேர் நோய்க்கான வரையறையைத் தாண்டி வெளியே வந்திருந்தார்கள். மற்றவர்களில் 40 சதவீதம். தூக்கமும் மந்திரம் பழகியவர்களுக்கு அதிகம் தேறியது. எனக்குத் தெரிந்து, மந்திரத்தின் நோய் தீர்க்கும் சக்தி என்ற பேச்சுக்கு இதைவிட நேர்மையான ஆதாரம் குறைவு.

இந்த நல்ல விஷயத்தைச் சுற்றிப் பொய்களும் மண்டிக் கிடக்கின்றன. அதுதான் எனக்கு ஆற்றாமை. 'காயத்ரி மந்திரம் விநாடிக்கு 1,10,000 ஒலி அலைகளை எழுப்புகிறது, அமெரிக்க விஞ்ஞானி கண்டுபிடித்தார்' என்று ஒரு செய்தி வருடக்கணக்கில் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லையே விநாடிக்கு 20,000 அதிர்வுகள்தான். ஆண் குரல் பேசும்போது அடிப்படை அதிர்வு நூற்றுச் சொச்சம், பெண் குரலில் இருநூறைச் சுற்றி. ஒரு லட்சம் எந்தத் தொண்டையிலிருந்து வரும்? சூரியன் ஓம் என்று ஒலிப்பதை நாசா பதிவு செய்தது என்பதும் இதே ரகம். மேற்கில் இதன் இன்னொரு வடிவம் '528 ஹெர்ட்ஸ் மரபணுவைச் சரிசெய்யும்' என்று விற்கப்படும் மந்திர ஆல்பங்கள். இதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது.

இன்னொன்று பாதி உண்மை. சமஸ்கிருதம் சொன்னால் ஞாபகசக்திக்கான மூளைப்பகுதி வளரும் என்பார்கள். ஜேம்ஸ் ஹார்ட்செல் என்ற ஆய்வாளர் இந்தியாவில் 21 யஜுர்வேத பண்டிதர்களின் மூளையைப் படம் பிடித்து, மற்ற 21 பேரோடு ஒப்பிட்டது உண்மை. வேறுபாடு தெரிந்ததும் உண்மை. ஆனால் அந்தப் பண்டிதர்கள் யார்? சிறுவயதில் பாடசாலைக்குப் போய், ஏழெட்டு வருடம், நாளெல்லாம் உட்கார்ந்து வேதத்தை மனப்பாடம் செய்தவர்கள். பதம், கிரமம், ஜடை, கனம் என்று சொற்களை முன்னும் பின்னும் கோத்துச் சொல்லும் முறைகளைப் பழகியவர்கள். யூடியூபில் பத்து நிமிடம் கேட்பவருக்கு அந்தப் பலனை எழுதிவைப்பது நியாயமே இல்லை.

அப்படியானால் சமஸ்கிருதத்துக்கென்று தனியாக ஒன்றும் இல்லையா? மூச்சு, திரும்பச் சொல்வது, சேர்ந்து பாடுவது என்ற மூன்றைப் பொறுத்தவரை இல்லை. லத்தீனுக்கும் ஹீப்ருவுக்கும் அதே பலன் வந்திருக்கிறது. தேவாரத்தை நிதானமாக ஓதினாலும் அதே வெளிமூச்சுதான். ஆனால் மேற்கத்தியர்களுக்குப் புரியாத மொழி ஒரு வசதியைத் தருகிறது என்று நினைக்கிறேன். தாய்மொழிச் சொல் உடனே நினைவுகளை இழுத்து வரும், புரியாத ஒலி அப்படி இழுக்காது. சிறுவயதில் திணிக்கப்பட்ட மதத்தோடு மனக்கசப்பு உள்ளவர்களுக்கு, பழைய காயம் எதுவும் ஒட்டாத ஒரு சொல் பெரிய ஆறுதல். அதே சமயம், பொருளை விட்டுவிடுவதும் சரியில்லை. பதஞ்சலி ஓங்காரத்தைப் பற்றிச் சொல்லும்போது, அதை ஜபி, கூடவே அதன் பொருளை மனத்தில் நிறுத்து என்றுதான் சொல்கிறார். வெள்ளரிப்பழம் காம்பிலிருந்து விடுபடுவதுபோல மரணத்திலிருந்து விடுவி என்று மகாமிருத்யுஞ்ஜயம் கேட்பதைத் தெரிந்துகொண்டு சொல்லும்போது கிடைக்கும் ஆறுதல், ஸ்கேனில் தெரிகிறதோ இல்லையோ, உண்மையானது.

வெளிநாட்டார் சொல்லலாமா, பெண்கள் சொல்லலாமா என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. மறைத்துவைக்கச் சொன்ன எட்டெழுத்தை ராமானுஜர் திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னதாக வரலாறு சொல்லும் மண் இது. சென்னையில் யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாசாரி 1976-ல் தொடங்கிய 'கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம்' என்ற யோகப் பள்ளியில், பெண்களும் வெளிநாட்டினரும் முறையாக ஸ்வரத்தோடு வேதம் ஓதக் கற்றிருக்கிறார்கள். முறையாகக் கற்க விரும்பும் மேற்கத்தியர் அப்படி ஒருவரிடம் நேரில் கேட்டுக் கற்பதுதான் நல்லது. ஏற்ற இறக்கங்களை எழுத்தில் கொண்டுவருவது சிரமம்.

புதிதாகத் தொடங்க நினைப்பவருக்கு இவ்வளவு போதும். பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், குட்டையாக இருக்கட்டும். ஒரு மூச்சுக்கு ஒரு தடவை, தொண்டையை இறுக்காமல், பேசும் குரலுக்குச் சற்றுத் தாழ்வாக. ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் அவசரப்பட்டு மூச்சு வாங்குகிறீர்கள் என்று பொருள், நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். கண்ணை மூடினால் கெட்ட நினைவு வருகிறவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே சொல்லலாம். மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நிறுத்தக் கூடாது. ரத்த அழுத்தமோ மனச்சோர்வோ, எதுவானாலும் மருத்துவரோடு பேசிக்கொண்டே இதைச் செய்யலாம். இல்லாத குரல் கேட்பது, பல நாள் தூங்காமலே உற்சாகமாக இருப்பது போன்ற பிரச்சினை முன்பு இருந்தவர்கள் நீண்ட நேர ஜபத்தில் இறங்குமுன் மனநல மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம். அப்புறம், படுக்கையில் விளக்கை அணைத்தபின் அதே சொல்லை மனசுக்குள் சொல்லிக்கொண்டே தூங்கிவிடுங்கள். எண்ண வேண்டாம், நடுவில் விட்டுப்போனால் மறுபடி தொடங்கினால் போதும். அந்தப் போர்வீரர்களும் முதலில் பழகியது இப்படிப்பட்ட அமைதியான நேரங்களில்தான்.